ஆங்கிலம் அறிவோம்: ஐயத்தின் அளவு

நம் வீடுகளுக்கு ஆங்கிலத்திலே ஒரு கடிதம் வந்துவிட்டால், அதை வாசித்துப் பொருள் சொல்லும் பொறுப்புப் பெரும்பாலும் பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளையின் தலையிலேதான் விழுகிறது. வைத்தியரின் கடிதமாகட்டும், வங்கியின் அறிவித்தலாகட்டும், கடல்கடந்த ஊரிலிருந்து வந்த அலுவலகக் கடிதமாகட்டும், "தம்பி, இதிலை என்ன எழுதிக் கிடக்கெண்டு வாசிச்சுச் சொல்லு" என்று தகப்பனார் நீட்டுவார். பிள்ளையும் தனக்குத் தெரிந்த சொற்களைக் கூட்டிப் பிடித்துப் பொருள் சொல்லிவிடும். வீடு முழுவதும் அதைக் கேட்டு மகிழும்; அல்லது கலங்கும்.

அப்படி ஒரு கடிதம் வந்ததாக வைத்துக்கொள்வோம். நெடுநாள் இருமலுக்காக நெஞ்சை எக்ஸ்றே படம் பிடித்துக்கொண்ட ஒரு தந்தைக்கு வைத்தியர் எழுதிய கடிதம் அது. அதிலே நான்கே வாக்கியங்கள். படத்திலே காணும் நிழலைப் பற்றிய முதல் வாக்கியத்திலே 'மே பீ' என்ற சொற்கள் இருக்கின்றன. அது பழைய தழும்பு என்கிறது அவ்வாக்கியம். இரண்டாவது வாக்கியம் காசநோயைக் குறிப்பிட்டு, 'அன்லைக்லி' என்கிறது. மூன்றாவது வாக்கியம் மருந்தைப் பற்றியது; அதிலே 'மே நொட் நீட்' என்று எழுதியிருக்கிறது. மூன்று மாதங்களின் பின் மீண்டும் ஒரு படம் பிடிக்கவேண்டும் என்பது நான்காவது.

பிள்ளை வாசித்துச் சொல்கிறான்: "பழைய தழும்பாம் அப்பா. காசநோய் இல்லையாம். இனி மருந்தும் தேவையில்லையாம்."

மூன்று வாக்கியங்கள்; மூன்றும் பிழை. ஆனால், பிள்ளை ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல் விழிக்கவில்லை. தழும்பு, காசநோய், மருந்து என்ற பெயர்ச்சொற்களையெல்லாம் சரியாகவே பிடித்துக்கொண்டான். அவன் கைவிட்டவை 'மே', 'அன்லைக்லி' என்னும் சின்னஞ்சிறு சொற்கள் மாத்திரமே. அவற்றோடு சேர்ந்து வைத்தியரின் ஐயமும் காணாமற்போய்விட்டது. ஐயமே இல்லையென்றால் மூன்று மாதங்களின் பின் படம் எதற்கு? அந்த நான்காவது வாக்கியத்தை வீட்டிலே எவரும் பொருட்படுத்தமாட்டார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஆகவே, இவ்வாரம் ஆங்கிலத்திலே நிகழக்கூடியதையும் நிகழ்ந்திருக்கக்கூடியதையும் அளந்து கூறும் சொற்களைப் பற்றிச் சிந்திப்போம். இச்சொற்களை ஐயச் சொற்கள் என்று அழைப்போம்.

ஒழுங்கை முனையில் ஓர் உருவம்

ஐயப்பட்டுப் பேசுவது எப்படி என்பது நமக்குப் புதிய பாடமன்று. தொல்காப்பியத்துச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கமே இதைப் பேசுகிறது. தொலைவிலே தோன்றும் உருவம் ஆணா பெண்ணா என்று ஐயமானால் எப்படிச் சொல்லவேண்டும், மனிதனா மரக்கட்டையா என்று ஐயமானால் எப்படிச் சொல்லவேண்டும் என்று அங்கே விதி வகுக்கப்பட்டிருக்கிறது. அறியாததை அறிந்ததுபோலச் சொல்லுதல் வழுவாகும் என்பதே அதன் உட்கருத்து. உரையாசிரியர்கள் காட்டும் அந்தக் கட்டையையும் மனிதனையும் நாம் இரவல் வாங்கிக்கொண்டு ஆங்கிலம் படிப்போம்.

மாலை மங்கும் நேரம். படலையடியிலே நிற்கிறீர்கள். ஒழுங்கை முனையிலே ஓர் உருவம் தெரிகிறது. கட்டையோ மனிதனோ என்று தெரியவில்லை. இந்நிலையிலே ஆங்கிலத்திலே கூறவேண்டியது 'இட் மே பீ எ மான்' என்பது. 'மே' என்றால் அதற்கு இடமுண்டு, அவ்வளவே. மனிதனாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 'மைட்', 'குட்' என்பனவும் இந்தப் படியைச் சேர்ந்தவையே. ஆயினும் 'மே' என்பதிலும் சற்றே தளர்ந்தவை. 'பேர்ஹாப்ஸ்', 'மேபீ' என்பனவும் இவற்றின் உறவினர்தாம்.

இரண்டடி முன்னே சென்று பார்க்கிறீர்கள். உயரம் மனிதனின் உயரமாய் இருக்கிறது. நேற்று அவ்விடத்திலே கட்டை எதுவும் இருந்ததாகவும் நினைவில்லை. இப்போது தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. இனி 'மே' போதாது. 'இட் இஸ் ப்ரொபப்ளி எ மான்' என்று சொல்லவேண்டும். 'ப்ரொபப்ளி' என்றாலும் 'லைக்லி' என்றாலும் ஆம் என்னும் பக்கமே கனம் கூடியது என்று பொருள். தமிழிலே 'பெரும்பாலும்', 'அநேகமாக' என்போம்.

நாள்தோறும் ஆறு மணிக்கு உங்கள் பெரியப்பா அவ்வழியே வருவது வழக்கம் என்று கொள்ளுங்கள். இப்போது மணி ஆறு. அப்படியானால் 'இட் ஷுட் பீ பெரியப்பா' என்னலாம். இங்கே 'ஷுட்' என்பது கடமையைக் குறிக்கவில்லை. வழக்கத்தை நம்பிய எதிர்பார்ப்பைக் குறிக்கிறது.

அவ்வுருவத்தின் கையிலே சுருட்டின் நெருப்புப் பொறி மின்னி மறைகிறது. கட்டை சுருட்டுக் குடிக்காது. இப்போதுதான் 'மஸ்ட்' வருகிறது: 'இட் மஸ்ட் பீ எ மான்.' முகத்தை நீங்கள் இன்னும் காணவில்லை. ஆனால், கண்ட அடையாளத்திலிருந்து வேறு முடிவுக்கு வர வழியில்லை. மறுபுறத்திலே, 'இட் கான்ட் பீ எ ஸ்டம்ப்'. கட்டையாக இருக்க முடியாது.

கடைசியிலே பெரியப்பாவே படலையடிக்கு வந்துவிடுகிறார். இனி ஐயச் சொல் எதுவும் தேவையில்லை. 'இட் இஸ் பெரியப்பா.' அவ்வளவுதான்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். 'மஸ்ட்' என்பது பார்வைக்கு மிக உறுதியான சொல்லாகத் தோன்றுகிறது. ஆனால், 'மஸ்ட் பீ' என்பதைவிட வெறும் 'இஸ்' உறுதியானது. கண்ணாலே கண்டவர் 'மஸ்ட்' என்று சொல்வதில்லை. காணாமல் ஊகித்தவரே சொல்கிறார். ஒரு கடிதத்திலே 'மஸ்ட் ஹாவ்' என்று கண்டால், எழுதியவர் ஊகித்து எழுதுகிறார், நேரே அறிந்து எழுதவில்லை என்று உணர்ந்துகொள்ளுங்கள்.

தமிழ் தரும் துணையும் தமிழ் வைக்கும் கண்ணியும்

இச்சொற்களைக் கற்பதிலே தமிழ் மாணவருக்கு ஒரு வசதி உண்டு. 'நீ போகலாம்' என்றால் அனுமதி. 'மழை வரலாம்' என்றால் நிகழக்கூடியது. இரண்டுக்கும் '-லாம்' ஒன்றே. ஆங்கிலத்திலே 'மே' என்பதும் அப்படியே அனுமதிக்கும் ஐயத்துக்கும் பொதுவாய் நிற்கிறது. 'நீ படிக்க வேண்டும்' என்றால் கடமை. 'அவன் இந்நேரம் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்' என்றால் ஊகம். 'மஸ்ட்' என்பதும் இவ்விரு வேலைகளையும் செய்கிறது. வேற்றுக் குடும்பத்து மொழிகள் இரண்டு இவ்வாறு ஒரே வழியிலே நடப்பது வியப்பன்றோ?

ஆனால், இந்த ஒற்றுமையை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு நடந்தால் விழவேண்டிய குழிகளும் சில உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, 'மே நொட்' என்பதையும் 'கனொட்' என்பதையும் கலத்தல். 'ஹீ மே நொட் கம்' என்றால் அவர் வராமலிருக்கலாம் என்பது பொருள், வரவும் கூடும். 'ஹீ கனொட் கம்' என்றால் அவரால் வர முடியாது. முன்னதிலே கதவு பாதி திறந்திருக்கிறது, பின்னதிலே சாத்தப்பட்டுவிட்டது. நம் பிள்ளை வைத்தியரின் கடிதத்திலே இடறியதும் இங்கேதான். 'மே நொட் நீட்' என்றால் 'தேவைப்படாமலிருக்கலாம்'. அதைத் 'தேவையில்லை' என்று வாசித்துவிட்டான். அறிவித்தற் பலகைகளிலே மாத்திரம் 'மே நொட்' என்பது அனுமதி மறுப்பாக வரும். பரீட்சை மண்டபத்துக்குள்ளே புத்தகம் கொண்டு செல்லக்கூடாது என்ற விதியிலே வருவது அந்த 'மே நொட்'. விதி கூறும் இடமா, செய்தி கூறும் இடமா என்று பார்த்துப் பொருள் கொள்க.

இரண்டாவது, ஊகத்திலே 'மஸ்ட்' என்பதற்கு எதிர்ச்சொல் எது என்பது. 'மஸ்ன்ட்' என்று பலர் எழுதுகிறார்கள். அது தடையைக் குறிக்கும் சொல். 'ஹீ மஸ்ன்ட் பீ அட் ஹோம்' என்றால் அவர் வீட்டில் இருக்கக்கூடாது என்று விலக்குவதாக முடியும். வீட்டில் இருக்க முடியாது, விளக்கு எரியவில்லையே என்று ஊகிப்பதானால் 'ஹீ கான்ட் பீ அட் ஹோம்' என்றே எழுதவேண்டும். 'மஸ்ட்' என்னும் ஊகத்துக்கு எதிர் 'கான்ட்' என்பதை மனத்திலே பதித்துக்கொள்க.

மூன்றாவது, இறந்தகாலத்திலே வரும் குழி. இதுவே மிக ஆழமானது. தமிழிலே 'வந்திருக்கலாம்' என்ற ஒரே வடிவம் இரண்டு பொருளைத் தரும். 'அவர் இந்நேரம் வந்திருக்கலாம்' என்றால், வந்தாரோ இல்லையோ தெரியாது என்பது கருத்து. 'நீ நேற்று வந்திருக்கலாம்' என்று தங்கையிடம் சொன்னால், அவள் வரவில்லை என்பது தெரியும். அது குறைபட்டுக்கொள்ளும் பேச்சு. ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரித்து வைக்க முயல்கிறது. தெரியாததற்கு 'மே ஹாவ் கம்'. நடக்காமற்போனதற்கு 'குட் ஹாவ் கம்' அல்லது 'மைட் ஹாவ் கம்'. குறைபட்டுக்கொள்ளும் இடத்திலே 'மே ஹாவ்' வரவே வராது.

இதன் பாரதூரத்தை உணர ஓர் எடுத்துக்காட்டுப் போதும். பஸ் ஒன்று பாலத்திலிருந்து கவிழ்ந்த செய்தியிலே, சாரதியைக் குறித்து 'ஹீ மே ஹாவ் டைட்' என்று இருந்தால், அவர் இறந்தாரோ இருக்கிறாரோ என்பது எழுதியவருக்குத் தெரியாது. 'இருக்கைப் பட்டி கட்டியிராவிட்டால் ஹீ மைட் ஹாவ் டைட்' என்று இருந்தால், அவர் உயிரோடு இருக்கிறார்; இறந்திருக்கக்கூடிய நிலையிலிருந்து தப்பினார் என்று பொருள். ஒரு சொல் மாறினால் ஒரு வீடு அழும். அல்லது ஆறுதல் அடையும். இக்காலத்திலே ஆங்கிலேயர் பலர் இவ்வேறுபாட்டைக் கைவிட்டு இரண்டு இடத்திலும் 'மே ஹாவ்' என்று எழுதிவிடுவதுண்டு. 'மைட் ஹாவ்' என்பதைத் தெரியாமையைக் குறிக்கவும் வழங்குவர். ஆதலால், வாசிக்கும்போது முன்பின் வாக்கியங்களைச் சேர்த்துப் பாருங்கள். எழுதும்போது நீங்கள் வேறுபாட்டைக் காத்து எழுதுங்கள்.

நான்காவது, சந்தேகம். இது முற்றிலும் தமிழ் வைத்த கண்ணி. 'அவனுக்குக் காய்ச்சல் என்று சந்தேகிக்கிறேன்' என்கிறோம். காய்ச்சல் இருக்கும் என்பது நம் எண்ணம். 'அவன் சொல்வது உண்மையோ என்று சந்தேகம்' என்கிறோம். உண்மையாய் இராது என்பது நம் எண்ணம். ஆம் என்று சாயும் மனத்துக்கும் இல்லை என்று சாயும் மனத்துக்கும் நம்மிடம் ஒரே சொல்தான். ஆங்கிலத்திலே இவை இரண்டு. ஆம் என்னும் பக்கம் சாய்ந்தால் 'சஸ்பெக்ட்'. இல்லை என்னும் பக்கம் சாய்ந்தால் 'டவுட்'. காய்ச்சல் இருக்கும் என்று கருதி 'ஐ டவுட் ஹீ ஹாஸ் ஃபீவர்' என்று எழுதினால், காய்ச்சல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை என்று ஆங்கிலேயர் விளங்கிக்கொள்வார். சொல்ல நினைத்ததற்கு நேரெதிர்! விடுமுறைக் கடிதத்திலே இவ்வாறு எழுதிவிட்டு, விடுமுறை ஏன் கிடைக்கவில்லை என்று வருந்துவதிலே பயனில்லை.

ஐந்தாவது, இரட்டைப் பூட்டுப் போடுதல். 'மே ப்ரொபப்ளி' என்று சேர்த்து எழுதுவது நம்மவரிடையே பெருவழக்கு. 'மே' என்பது தராசைச் சமனாக வைக்கிறது; 'ப்ரொபப்ளி' ஒரு தட்டைத் தாழ்த்துகிறது. இரண்டையும் ஒரே வாக்கியத்திலே வைத்தால் உங்கள் கருத்துத்தான் யாது? பாதி நம்பிக்கையானால் 'மே' என்க. கூடிய நம்பிக்கையானால் 'வில் ப்ரொபப்ளி' என்க. ஓர் ஐயத்துக்கு ஒரு சொல் போதும்.

ஆறாவது, சொற்கள் உட்காரும் இடம். 'லைக்லி' என்பதை ஆளுக்கும் சேர்க்கலாம். 'ஹீ இஸ் லைக்லி டு கம்' என்பது சரி. 'ஹீ இஸ் ப்ரொபபிள் டு கம்' என்பதும் 'ஹீ இஸ் பொஸிபிள் டு கம்' என்பதும் பிழை. 'ப்ரொபபிள்', 'பொஸிபிள்' என்பன 'இட் இஸ்' என்று தொடங்கும் வாக்கியத்திலே நிகழ்ச்சிக்கே பொருந்தும். எதிர்மறையிலே 'ப்ரொபப்ளி' முன்னே வரவேண்டும்: 'ஹீ ப்ரொபப்ளி வோன்ட் கம்'. 'மேபீ' என்று ஒரே சொல்லாய் எழுதினால் 'ஒருவேளை' என்று பொருள். அது வாக்கியத்தின் தலையிலே நிற்கும். 'மே பீ' என்று பிரித்தால் அது வினை. எழுவாய்க்குப் பின்னே நிற்கும். இனி, மழை வருமோ என்று கேட்பதற்கு 'மே இட் ரெயின்?' என்பது வழக்கன்று. 'இஸ் இட் லைக்லி டு ரெயின்?' என்றே கேட்பர்.

ஏழாவது, 'ஷுவர்லி' என்ற சொல். நிச்சயமாக வருவேன் என்பதற்கு 'ஐ வில் ஷுவர்லி கம்' என்று எழுதுகிறோம். ஆனால், பிரித்தானிய வழக்கிலே 'ஷுவர்லி' என்பது பெரும்பாலும் 'அப்படித்தானே? நீங்களும் ஒப்புவீர்களே?' என்று பிறர் உடன்பாட்டை நாடும் குரல். அதற்குள்ளே சிறிது திகைப்பும் உண்டு. உறுதி கூறுவதற்கு 'சேர்ட்டன்லி' அல்லது 'டெஃபினிட்லி' என்பதே தக்கது.

எட்டாவது, 'கேன்' என்பதும் 'மே' என்பதும். நாகபாம்பின் கடி உயிரைப் போக்கக்கூடியது என்று பொதுவான இயல்பைக் கூறுவதற்குக் 'கேன்' வேண்டும். இதோ கடிபட்டுக் கிடக்கும் இவர் இறந்துபோகக்கூடும் என்று ஒரு குறித்த நிகழ்வைக் கூறுவதற்கு 'மே' வேண்டும். 'கேன்' இயல்பைப் பேசும். 'மே' இன்றைய நிலையைப் பேசும்.

எவ்வளவு என்பதற்கு எண் உண்டா?

இவ்வளவும் படித்தபின், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு இச்சொற்களிலே குழப்பமே வராது என்று எண்ணிவிடாதீர்கள். வந்திருக்கிறது, அதுவும் போரும் அமைதியும் தங்கிய ஓர் இடத்திலே வந்திருக்கிறது.

1951-ஆம் ஆண்டிலே, அந்த ஆண்டுக்குள் யூகோசிலாவியா தாக்கப்படுமா என்பதைக் குறித்து அமெரிக்கப் புலனாய்வு அறிஞர்கள் தங்கள் அரசாங்கத்துக்கு ஒரு மதிப்பீடு எழுதினார்கள். தாக்குதலுக்குப் பாரதூரமான சாத்தியம் உண்டு என்ற கருத்திலே, 'சீரியஸ் பொஸிபிலிட்டி' என்று அதிலே ஒரு தொடரை வைத்தார்கள். சில நாட்களின் பின், வெளிநாட்டமைச்சின் உயர் அதிகாரி ஒருவர், இத்தொடருக்கு எவ்வளவு என்று பொருள் கொள்வது என்று கேட்டார். மதிப்பீட்டைத் தயாரித்தவர்களுள் ஒருவரான ஷேர்மன் கென்ற், நூற்றுக்கு 65 என்ற அளவிலே தாம் நினைத்ததாகச் சொன்னார். கேட்டவர் திடுக்கிட்டார், அவர் அதை மிகக் குறைவாகவே எண்ணியிருந்தார். பின்னர் கென்ற் தம்முடன் அமர்ந்து அதே தொடருக்கு ஒப்புதல் அளித்த சகாக்களைக் கேட்டபோது, ஒருவர் நூற்றுக்கு 20 என்றார். இன்னொருவர் 80 என்றார். எல்லாரும் ஒரே வாக்கியத்துக்குத்தான் இணங்கியிருந்தார்கள்!

வரலாற்றுப் பேராசிரியராயிருந்த கென்ற், இந்த அநுபவத்தை 1964-இலே ஒரு கட்டுரையாக எழுதினார். 'ப்ரொபபிள்' என்றால் நூற்றுக்கு ஏறக்குறைய 75, 'ஏறத்தாழ நிச்சயம்' என்றால் 93, 'பெரும்பாலும் இல்லை' என்றால் 30 என்று சொல்லுக்கு எண் கட்ட முயன்றார். கவிதை மனம் படைத்த சகாக்கள் சொல்லுக்கு எண் பூட்டுவதை விரும்பவில்லை என்றும் அவர் குறைபட்டுக்கொண்டார்.

அவர் தொடங்கிய முயற்சி வீணாகவில்லை. காலநிலை மாற்றத்தை ஆராயும் உலக விஞ்ஞானிகளின் குழு, 2001-ஆம் ஆண்டு அறிக்கை முதல் இச்சொற்களுக்கு எண் வரம்பு வகுத்து எழுதிவருகிறது. இப்போது அவர்கள் 'லைக்லி' என்றால் நூற்றுக்கு 66-க்குக் குறையாதது. 'வெரி லைக்லி' என்றால் 90-க்குக் குறையாதது. 'அன்லைக்லி' என்றால் 33-க்கு மேற்படாதது. நீதிமன்றங்களிலும் இத்தகைய அளவுகோல் உண்டு. குற்ற வழக்கிலே நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கவேண்டும். குடியியல் வழக்கிலோ எது கூடிய நிகழ்தகவு உடையது என்று நிறுத்துப் பார்த்தாற் போதும்.

வீட்டுக்கு மிக அண்மையிலே உள்ளது மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள். ஐரோப்பிய முறைப்படி எழுதப்பட்ட தாளானால், பக்க விளைவுகளைக் குறிக்கும் 'கொமன்' என்ற சொல்லுக்கு நூறு பேரில் ஒருவர் முதல் பத்துப் பேரில் ஒருவர் வரை என்று பொருள். 'றெயர்' என்றால் பத்தாயிரம் பேரில் ஒருவர் முதல் ஆயிரம் பேரில் ஒருவர் வரை. 'கொமன்' என்பதைச் 'சாதாரணமாக எல்லாருக்கும் வரும்' என்று பிள்ளை மொழிபெயர்த்துவிட்டால், பாட்டியார் மருந்தையே எறிந்துவிடுவார். நூறு பேர் உட்கொண்டால் தொண்ணூறு பேருக்குமேல் அது வராது என்பதே அந்தச் சொல்லின் உண்மையான அளவு.

ஆயினும் இவ்வெண்கள் அந்தந்தத் துறையாருக்கு உரியவை. அயலவர் கடிதத்திலே 'லைக்லி' என்று எழுதினால் 66 என்று கணக்கிட்டுப் பார்க்காதீர்கள். சொல்லுக்கு அளவு உண்டு, அதைக் கூட்டவோ குறைக்கவோ நமக்கு உரிமையில்லை என்ற உணர்வே வேண்டியது.

மீண்டும் அந்தக் கடிதம்

இனி, நாம் தொடங்கிய கடிதத்தை மறுபடி வாசிப்போம். பிள்ளை இப்போது இவ்வாறு சொல்லவேண்டும்: "அந்த நிழல் பழைய தழும்பாக இருக்கலாமாம் அப்பா. காசநோயாக இருப்பதற்கு இடம் குறைவாம். ஆனால், இல்லையென்று அடித்துச் சொல்லவில்லை. இனி மருந்து தேவைப்படாமலிருக்கலாமாம். அதுவும் முடிவாகச் சொல்லவில்லை. அதனால்தான் மூன்று மாதத்துக்குப் பிறகு இன்னொரு படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்."

பாருங்கள், முதல் மூன்று வாக்கியங்களின் ஐயத்தைக் காப்பாற்றியவுடன் நான்காவது வாக்கியத்துக்குப் பொருள் தானாகவே வந்துவிட்டது! தந்தை வீணாகக் கலங்கவுமில்லை, வீணாக மகிழவுமில்லை. மூன்று மாதம் கழித்துப் போகவேண்டிய நாளை நாட்காட்டியிலே குறித்துக்கொள்கிறார்.

வைத்தியர் 'மே' என்று எழுதும்போது தமது அறிவின் எல்லையைக் காட்டுகிறார். அதை அழித்துவிட்டு உறுதியாகச் சொல்வது அவர் சொல்லாததை அவர் வாயிலே வைப்பதாகும். பெரியவர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று 'மே' என்பதைத் தின்றுவிடும் அன்புள்ளம் கொண்ட பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கும் சொல்வது இதுவே: ஆறுதலை உங்கள் சொந்த வாயாலே சொல்லுங்கள்; கடிதத்தைக் கடிதத்தில் உள்ளபடி சொல்லுங்கள்.

பயிற்சி

கீழ்வரும் வாக்கியங்களை ஆங்கிலத்திலே எழுதும்போது எந்த ஐயச் சொல் வரும்? விடைப் பகுதியை ஒரு தாளினால் மூடிக்கொண்டு எழுதிப் பாருங்கள்.

1. அவள் சித்தியடைந்திருக்க வேண்டும். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.
2. மாமா நாளைக்கு வராமலிருக்கலாம்.
3. அது உண்மையாக இருக்க முடியாது.
4. நீ எனக்கு ஒரு கடிதமாவது போட்டிருக்கலாமே!
5. பாலிலே தண்ணீர் கலந்திருக்கிறது என்று சந்தேகிக்கிறேன்.
6. அவர்கள் பெரும்பாலும் வரமாட்டார்கள்.

விடைகள்: 1. மஸ்ட் ஹாவ். 2. மே நொட். 3. கான்ட் பீ. 4. குட் ஹாவ் அல்லது மைட் ஹாவ். மே ஹாவ் அன்று. 5. சஸ்பெக்ட்; டவுட் அன்று. 6. ப்ரொபப்ளி வோன்ட்.

ஆறும் சரியானால் உங்கள் வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை நம்பி உங்களிடம் கொடுக்கலாம். இங்கே வந்த 'லாம்' அனுமதியா, ஐயமா என்பதைத் தகப்பனாரிடமே கேட்டுக்கொள்க!